இரவில் திரையை மஞ்சளாக்க எது நல்லது: எஃப்.லக்ஸா, நைட் லைட்டா, ரெட்ஷிஃப்ட்டா?

ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள்; எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். கணினித் திரையின் வெள்ளை பெரும்பாலும் 6500 கெல்வினை ஒட்டியே இருக்கும். கிட்டத்தட்ட நண்பகல் வெளிச்சத்தின் நிறம் அது. குண்டு பல்பு 2700 கெல்வின், மெழுகுவத்திச் சுடர் 1900 அளவில். நம் விழித்திரையில் 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளிக்கு மிகவும் இசையும் செல்கள் இருக்கின்றன. பொழுது பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. இருட்டிய பிறகு திரையில் நீலத்தைக் குறைக்கும் மென்பொருள்கள் வந்ததே இதனால்தான்.

அவற்றில் நான் முதலிடம் தருவது எஃப்.லக்ஸுக்கு. 2009-இல் வந்தது, தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசம். பகல், சூரியன் மறைந்த பிறகு, தூங்கும் நேரம் என மூன்று நிலைகளுக்கும் தனித்தனியாகக் கெல்வின் அளவு வைக்கலாம். காலையில் எழும் நேரத்தைச் சொல்லிவிட்டால் தூங்கும் நேரத்தை அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, குறிப்பிட்ட மென்பொருள் திறந்திருக்கும்போது மட்டும் மஞ்சளை நிறுத்திவைக்கும் வசதி. இரவில் படங்களுக்கு நிறம் திருத்துபவர்களுக்கு இது இல்லாமல் வேலையே நடக்காது.

விண்டோஸின் நைட் லைட் 2017-இல் விண்டோஸ் 10-உடன் சேர்ந்தது. தனியாக எதையும் நிறுவ வேண்டாம், அமைப்புகளில் போய் இயக்கினால் போதும். ஆனால் கெல்வின் எண்ணே கண்ணில் படாது. கூட்டவும் குறைக்கவும் ஒரு பட்டை, இரவுக்கு ஒரே அளவு, அவ்வளவுதான். ஆப்பிளின் நைட் ஷிஃப்ட்டும் இதே வகை. மின்னஞ்சலும் கட்டுரையும் படிப்பவருக்கு இவை தாராளமாகப் போதும்.

லினக்ஸில் ரெட்ஷிஃப்ட். கடிகாரத்தைப் பார்த்துச் சட்டென்று மாறாமல், சூரியன் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கணக்கிட்டு மெதுவாக நிறத்தை மாற்றும். அந்தி கரைவது போலவே திரையும் மாறுவதால், மாறியதே தெரியாது. நுணுக்கமான அமைப்புகளை ஒரு உரைக் கோப்பில் எழுதித்தர வேண்டும், அது பழகிவிடும். பெரிய குறை, லினக்ஸில் திரையில் படம் காட்டும் புதிய முறையான வேலண்டில் இது வேலை செய்யாது. அங்கே இருப்பவர்கள் க்னோம் அல்லது கேடிஇ என்ற டெஸ்க்டாப் சூழல்கள் தரும் உள்ளமைந்த வசதிக்கே போய்விடலாம்.

மூன்றுக்கும் பொதுவான ஒன்று: நிறம் மாறுவது பொதுவாகத் திரைக்குப் போகும் வழியில்தான். அதனால் திரைப்பிடிப்பு எடுத்தால் படத்தில் மஞ்சள் இருக்காது.

அப்புறம் வெளிச்சம். திரையை எவ்வளவு மஞ்சளாக்கினாலும் பின்னொளியை முழு அளவில் விட்டால் கண்ணுக்கு வரும் ஒளி இன்னும் அதிகம்தான். ரெட்ஷிஃப்ட்டில் ஒளிர்வைக் குறைக்கும் அமைப்பு உண்டு. ஆனால் அது படத்தைத்தான் மங்கலாக்கும், பின்னொளி அப்படியே எரியும். ஆகவே எதைத் தேர்ந்தாலும் இரவில் முதலில் மானிட்டரின் பொத்தானிலேயே வெளிச்சத்தை இறக்குங்கள், பிறகு நிறத்துக்கு வாருங்கள். எடுத்த எடுப்பில் 1900-க்குப் போக வேண்டாம். 4500-இல் தொடங்கி, கண் பழகப் பழக 3400 வரை இறக்கிப் பாருங்கள்.