வேலை பார்த்துக்கொண்டே பொதுக் கொள்கை முதுகலை: கட்டிய கட்டணத்துக்கு என்ன கிடைத்தது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலையில் இருந்தபடி பகுதிநேரமாகப் பொதுக் கொள்கை முதுகலை படிக்கலாமா என்று கேட்பவர்களில் பாதிப் பேரிடம் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். மீதிப் பேரிடம், படியுங்கள், ஆனால் முழுநேர மாணவர்கள் படிக்கிற வரிசையில் படிக்காதீர்கள் என்கிறேன்.

நான் ஓர் உள்ளாட்சி அமைப்பின் குடிநீர்ப் பிரிவில் வரவு செலவுத் திட்டம் பார்க்கிறவள். பகல் முழுக்கக் கோப்பு, மாலையில் வகுப்பு, சில பாடங்கள் மட்டும் இணையவழி. முழுநேரமாகப் படிப்பவர்கள் இரண்டு ஆண்டில் முடிப்பதை இரு மடங்கு காலம் இழுத்து முடித்தேன். பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் சொல்லும் குறைகள் அந்த ஓர் இடத்துக்கு மட்டும் உரியவை அல்ல என்று வேறு இடங்களில் படித்த நண்பர்களிடம் பேசியதில் தெரிந்துகொண்டேன்.

சேர்வதற்கு முன் பட்டத்தின் பெயரை வைத்து முடிவெடுக்க வேண்டாம். 'பொதுக் கொள்கை' என்று இருந்தால் பெரும்பாலும் பொருளாதாரம், புள்ளியியல் பக்கம் சாய்ந்திருக்கும். 'பொது நிர்வாகம்' என்றால் பணியாளர், நிதி, நிறுவனம் நடத்துவது. 'அரசு' என்ற சொல் முன்னால் நின்றால் நாடாளுமன்றம், தேர்தல், அரசியலமைப்பு தூக்கலாக இருக்கும். ஆனால் நடைமுறையில் மூன்றும் கலந்தே கிடக்கின்றன. கட்டாயப் பாடங்களின் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் புள்ளியியல் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றால் நானாக இருந்தால் சேர மாட்டேன்.

ஏனென்றால் கட்டிய கட்டணத்தை எனக்குத் திருப்பித் தந்தவை புள்ளியியல் பாடங்கள்தான். ஓர் உதாரணம் சொல்கிறேன். பொருளாதார அறிஞர்கள் டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் 1994-இல் வெளியிட்ட ஆய்வைப் படிக்கக் கொடுத்தார்கள். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் 1992 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. கூலி ஏறினால் வேலை குறையும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. இவர்கள் நியூ ஜெர்சியோடு நிற்காமல், கூலி ஏறாத பக்கத்து பென்சில்வேனியாவின் கிழக்குப் பகுதியையும் சேர்த்துக்கொண்டார்கள். மொத்தம் 410 துரித உணவகங்கள். கூலி ஏறும் முன்னும் ஏறிய பின்னும் எத்தனை பேர் வேலை பார்த்தார்கள் என்று விசாரித்தார்கள். வேலை குறைந்ததற்கான தடயம் கிடைக்கவில்லை. இந்த முடிவை ஏற்காதவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். எங்கள் வகுப்பில் ஒரு முழு மாலை அந்தச் சண்டையிலேயே போனது. கார்டுக்கு 2021-இல் நோபல் பரிசு வந்தது. அப்போது க்ரூகர் உயிரோடு இல்லை.

இது வெறும் கதையாக நின்றிருந்தால் மறந்திருப்பேன். கொஞ்ச நாளிலேயே அலுவலகத்தில் ஓர் அறிக்கை என் மேசைக்கு வந்தது. மீட்டர் பொருத்திய பகுதிகளில் தண்ணீர் நுகர்வு நன்றாகக் குறைந்துவிட்டது, ஆகவே எல்லா இடத்திலும் பொருத்த நிதி வேண்டும் என்று. அந்த ஆண்டு நல்ல மழை. மீட்டர் இல்லாத பகுதிகளில் எவ்வளவு குறைந்தது என்று கேட்டேன். யாரும் பார்த்திருக்கவில்லை. நல்லவேளை, ஒவ்வொரு பகுதிக்கும் போகும் மொத்தத் தண்ணீரை அளக்கும் கருவி இருந்தது, எடுத்துப் பார்த்தோம். அங்கேயும் குறைந்திருந்தது. இங்கே குறைந்ததிலிருந்து அங்கே குறைந்ததைக் கழித்தால் மிஞ்சுவதுதான் மீட்டரின் பங்கு. அறிக்கை சொன்னதில் அது பாதிகூட இல்லை. மீட்டர் வேண்டாம் என்று ஆகிவிடவில்லை. ஆனால் எந்தப் பகுதியில் முதலில் பொருத்துவது என்ற வரிசை மாறியது. முழுநேர மாணவருக்கு இது பயிற்சிக் கணக்காகத்தான் கிடைக்கும். நமக்கோ கை எட்டும் தூரத்தில் ஓர் அலுவலகமே இருக்கிறது.

செலவு-பயன் பகுப்பாய்வும் அப்படித்தான். எதிர்காலத்தில் வரும் பயனை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கணக்கிட ஒரு விகிதம் வேண்டும். 30 ஆண்டு கழித்து வரும் 100-ன் இன்றைய மதிப்பு 3 சதவீதத்தில் சுமார் 41. அதே 100-க்கு 7 சதவீதத்தில் சுமார் 13. குழாய் அதேதான், தண்ணீர் அதேதான், ஆனால் விகிதத்தை யார் தேர்ந்தெடுக்கிறார் என்பதைப் பொறுத்துத் திட்டம் தேறும், அல்லது தேறாது. அமெரிக்க மத்திய அரசின் 2003-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் 3 சதவீதம், 7 சதவீதம் இரண்டிலும் கணக்குப் போட்டுக் காட்டச் சொன்னது, அதற்கு ஒரு காரணம் இல்லாமல் இல்லை. இப்போதெல்லாம் எந்தத் திட்ட அறிக்கை வந்தாலும் முன்னுரையை விட்டுவிட்டுப் பின்னிணைப்பில் அந்த விகிதத்தைத்தான் முதலில் தேடுகிறேன். சில அறிக்கைகளில் அது இருப்பதே இல்லை.

அடுத்தது கொள்கைக் குறிப்பு எழுதும் பயிற்சி. இரண்டே பக்கம். பரிந்துரை முதல் வரியிலேயே வந்துவிட வேண்டும். அப்புறம் மாற்று வழிகள், எல்லாவற்றையும் ஒரே அளவுகோலால் அளப்பது, எதிர்ப்பு எங்கிருந்து வரும், யார் கையெழுத்துப் போட வேண்டும். மாற்று வழிகளில் 'எதுவும் செய்யாமல் இப்படியே விடுவது' என்பதும் கட்டாயம் இருக்க வேண்டும். அதை எழுதாமல் விட்டால் பேராசிரியர் குறிப்பையே திருப்பிக் கொடுத்துவிடுவார். மூன்றாம் பக்கம் இருந்தால் படிக்க மாட்டார். பின்னணி, முந்தைய கடிதங்கள், விதி எண்கள் எல்லாம் சொல்லித் தீர்த்த பிறகு கடைசிப் பத்தியில் கோரிக்கை வைத்தே வளர்ந்தவள் நான். அந்தப் பழக்கத்தை விட்டொழிக்கப் பல மாதங்கள் பிடித்தன. எங்கள் பிரிவுத் தலைவர் என் குறிப்புகள் சுருங்கிப்போனதை முதலில் சந்தேகமாகத்தான் பார்த்தார். "என்ன மேடம், மீதி எங்கே?" என்றே கேட்டார்.

நடைமுறைப்படுத்தல் பற்றிய பாடம் பெயரைப் பார்த்தால் தூக்கம் வரும். ஆனால் வகுப்பில் யாரும் தூங்கவில்லை. 1966-இல் அமெரிக்க மத்திய அரசு ஓக்லாந்து நகரத்தில் வேலைவாய்ப்பை உருவாக்க ஒரு திட்டம் தொடங்கியது. பணம் இருந்தது, பெரிய எதிர்ப்பும் இல்லை. ஆனாலும் சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் உருவான வேலைகள் மிகச் சொற்பம். அரசியல் அறிஞர்கள் ஜெஃப்ரி பிரஸ்மனும் ஆரன் வில்டாவ்ஸ்கியும் 1973-இல் அதை அலசி, திட்டம் முடிய மொத்தம் 70 ஒப்புதல்கள் தேவைப்பட்டன என்று எண்ணிக் காட்டினார்கள். அப்புறம் ஓர் எளிய பெருக்கல். ஒவ்வோர் ஒப்புதலும் கிடைக்க 99 சதவீத வாய்ப்பு இருந்தாலும் எழுபதும் கிடைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பாதிதான். 95 சதவீதம் என்றால் மொத்த வாய்ப்பு 3 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். யாரும் கெட்டவர் இல்லை, யாரும் தடுக்கவில்லை, ஆனாலும் திட்டம் படுத்துவிடும். எங்கள் கோப்பு ஒன்று எத்தனை மேசை ஏறி இறங்குகிறது என்று அன்றிரவு எண்ணிப் பார்த்தேன். அந்த எண்ணை இங்கே எழுதினால் எனக்கு வேலை இருக்காது.

மாலை வகுப்பின் நிஜமான சொத்து கூடப் படிக்கிறவர்கள். செவிலியர், தீயணைப்பு அதிகாரி, வரி வசூல் அலுவலர், பள்ளி நிர்வாகி. அரசியல் அறிஞர் மைக்கேல் லிப்ஸ்கி 1980-இல் சொன்னது, கொள்கை மேலே எழுதப்படுவதோடு முடிவதில்லை, கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர் யாருக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார் என்பதில்தான் அது உருவாகிறது என்று. பேராசிரியர் அதை விளக்க ஆரம்பித்ததும், செவிலியர் தன் வார்டில் யாரை முதலில் பார்ப்பது என்று எப்படித் தீர்மானிக்கிறார் என்று சொன்னார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அபராதம் பற்றிய வாக்குவாதமும் நினைவில் இருக்கிறது. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தைக் காப்பகங்களில் நடந்த பரிசோதனை, 2000-இல் வெளியானது. பத்துக் காப்பகங்களில் ஆறில், பிள்ளையைக் கூட்டிப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சின்ன அபராதம் போட்டார்கள். தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரட்டிப்பானது. காசு கட்டியாயிற்று, இனி என்ன கூச்சம் என்று ஆகிவிட்டது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. தாமதமாகத் தண்ணீர் வரி கட்டுவோருக்கு அபராதம் பரிந்துரைக்கும் வேலையில் அப்போது நான் இருந்ததால் வயிற்றைக் கலக்கியது. வரி அலுவலர் ஒப்புக்கொள்ளவே இல்லை. "தொகை சின்னது, அதனால்தான். உறைக்கிற மாதிரி போட்டுப் பாருங்க" என்றார். வகுப்பு முடிந்தும் வாகன நிறுத்தத்தில் நின்று பேசினோம். அவர் சொன்னதில் பாதி சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

சரி, குறைகளுக்கு வருகிறேன். 'தலைமைப் பண்பு' என்று ஒரு விருப்பப் பாடம். உங்கள் பலம் என்ன, பலவீனம் என்ன என்று கேள்வித்தாள் நிரப்பி, வட்டமாக உட்கார்ந்து பேசிக் கலைவது. அலுவலகம் நடத்தும் பயிற்சி முகாமில் சும்மா கிடைக்கும் சரக்கை இங்கே கிரெடிட் (பட்டத்துக்குச் சேரும் பாட அலகு) கணக்கில் விற்கிறார்கள். மதிப்பெண் சுலபமாக வரும் என்பதைத் தவிர அதில் ஒன்றுமில்லை.

அதைவிடக் கோபம் வந்தது பாடப் பட்டியலைப் பார்த்துத்தான். கையேட்டில் விருப்பப் பாடங்கள் பக்கம் பக்கமாக இருக்கும். மாலையில் நடப்பவை விரல் விட்டு எண்ணிவிடலாம். நீர்வளக் கொள்கைப் பாடத்துக்காகவே நான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். 2009-இல் பொருளாதார நோபல் பெற்ற முதல் பெண் எலினோர் ஆஸ்ட்ரோம், தன் முனைவர் ஆய்வையே தெற்குக் கலிபோர்னியாவின் நிலத்தடி நீரை மக்கள் எப்படிப் பங்கிட்டுக்கொண்டார்கள் என்பதில்தான் செய்தார். அவர் வேலையை ஆசிரியர் ஒருவரோடு உட்கார்ந்து படிக்க ஆசை. நான் படித்த காலம் முழுக்க அந்தப் பாடம் காலை 11 மணிக்கே நடந்தது. தனியாகத்தான் படித்துக்கொண்டேன். முழுநேர மாணவருக்கும் எனக்கும் ஒரு கிரெடிட்டுக்கு ஒரே கட்டணம் என்பதைக் கவனிக்க வேண்டும். வேலைவாய்ப்பு ஆலோசனையும் பட்டறைகளும் பகலில்தான்.

குழு அசைன்மென்ட் பற்றி எழுத ஒன்றுமில்லை. எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள், இரவு பத்துக்கு மேல் போனில் கூடுவோம், கடைசியில் இருவர் எழுதுவார்கள்.

இறுதித் திட்டம், கேப்ஸ்டோன் என்பார்கள், ஓர் அமைப்பின் நிஜப் பிரச்சினையை எடுத்துப் பரிந்துரை கொடுப்பது. யோசனை அருமை. ஆனால் அந்த அமைப்பின் ஆட்கள் பகலில்தான் சந்திப்பார்கள். ஆகவே பகுதிநேரக்காரர்கள் பலர் சொந்த அலுவலகத்தையே எடுத்துக்கொள்கிறோம். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அலுவலகத் தரவை வகுப்பில் காட்ட எழுத்துமூலம் அனுமதி வேண்டும், நுகர்வோர் விவரங்களை நீக்க வேண்டும், உங்கள் மேலதிகாரிக்குப் பிடிக்காத முடிவு வந்தால் என்ன செய்வது என்பதை முன்பே பேசிக்கொள்ள வேண்டும். நான் எங்கள் தண்ணீர்க் கட்டண அமைப்பை எடுத்தேன். அனுமதி வாங்கவே ஒரு செமஸ்டரில் பெரும்பகுதி போயிற்று.

பாட வரிசை பற்றிச் சொன்னேன் அல்லவா? முழுநேர மாணவர்கள் முதல் செமஸ்டரிலேயே பொருளாதாரம், புள்ளியியல், அரசியல் எல்லாவற்றையும் ஒன்றாக எடுப்பார்கள். ஆலோசகரும் அதே பட்டியலைத்தான் நம்மிடம் நீட்டுவார். வேலையில் இருப்பவர் புள்ளியியலை முதலில், தனியாக எடுக்க வேண்டும். இரண்டாம் புள்ளியியலை இடைவெளி விடாமல் அடுத்த செமஸ்டரிலேயே எடுக்க வேண்டும். ஓர் ஆண்டு தள்ளிப்போட்ட நண்பர் ஒருவர் ரெக்ரஷனை (ஒன்று மாறினால் மற்றது எவ்வளவு மாறுகிறது என்று மதிப்பிடும் புள்ளியியல் முறை) ஆதியிலிருந்து படித்தார், பாவம். அலுவலகத்தில் வரவு செலவு இறுதியாகும் மாதங்களில் வாசிப்பு மட்டும் உள்ள பாடம் போதும். பட்டத்தை முடிக்க உச்ச வரம்பு ஆண்டுகள் உண்டு, அதைத் தாண்டினால் பழைய கிரெடிட் செல்லாமல் போகலாம்.

பதவி உயர்வுக்காகச் சேர்கிறேன் என்பவரிடம்தான் முதலில் வேண்டாம் என்பேன். உங்கள் பணி விதிகளில் இந்தப் பட்டத்துக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். எனக்கு இல்லை, பதவியும் அதேதான். தேர்தல் அரசியலுக்கு இது படிக்கட்டு என்று நினைப்பவருக்கும் இது உதவாது. கல்லூரி முடித்த கையோடு வருபவர் முழுநேரமாகவே சேரலாம். இடையில் கிடைக்கும் உள்ளகப் பயிற்சிதான் அவர்களுக்கு முக்கியம், பகுதிநேரத்தில் அது கிடைக்காது. அரசிலோ அரசை ஒட்டிய தொண்டு நிறுவனத்திலோ சில ஆண்டுகள் இருந்து, ஏன் எதுவும் நகரவில்லை என்று எரிச்சல்படத் தொடங்கியவருக்குத்தான் இது சரியான நேரம். நான் தரும் மதிப்பு ஐந்துக்கு மூன்றரை. அந்த ஒன்றரை மொத்தமும் பாட அட்டவணைக்காகக் குறைத்தது.

சேர்க்கை அலுவலகத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். கடந்த இரண்டு ஆண்டில் மாலையில் உண்மையில் நடந்த விருப்பப் பாடங்கள் எவை? கட்டாயப் பாடங்களை நிரந்தரப் பேராசிரியர் எடுக்கிறாரா? பகுதிநேரமாகச் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பட்டம் வாங்கினார்கள்? மூன்றாவதற்குப் போனில் மழுப்புவார்கள். ஈமெயிலில் கேளுங்கள், பதில் வந்த பிறகு பணம் கட்டுங்கள்.