பழைய எம்எக்ஸ்-5 காருக்கு 14 அங்குல ரிம்மா, 15 அங்குல ரிம்மா?

1989-இல் அறிமுகமான முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 காரைக் கோவையில் வைத்துப் பராமரிப்பவர், டயர் மாற்றும் நாளில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும்: கம்பெனி கொடுத்த 14 அங்குல ரிம்மைச் செப்பனிட்டு ஓட்டுவது, அல்லது 15 அங்குல அலாய்க்கு மாறுவது.

உயரத்தில் வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம். 185/60 ஆர்14 (அகலம் 185 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 60 விழுக்காடு, ரிம் 14 அங்குலம்) டயரின் விட்டம் ஏறத்தாழ 578 மி.மீ., 195/50 ஆர்15 டயரின் விட்டம் 576 மி.மீ. என்பதால் வேகமானி பிசகாது. சிக்கல் ஆஃப்செட்டில்தான், அதாவது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது வண்டியோடு பொருந்தும் முகம் எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்பதில்தான், இருக்கிறது. 5.5 அங்குல அகலமும் 45 ஆஃப்செட்டும் கொண்ட பழைய ரிம்மைக் கழற்றிவிட்டு, 7 அங்குல அகலமும் 35 ஆஃப்செட்டும் உள்ளதை மாட்டினால், அதன் வெளிவிளிம்பு 29 மி.மீ. வெளியே தள்ளி நிற்கும். பள்ளத்தில் இறங்கும்போது மட்கார்டின் மடிப்பு டயரைச் சீவிவிடக்கூடும். இந்தக் காரின் சக்கரத்தைப் பிடிக்கும் நான்கு நட்டுகள் 100 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் அமைந்திருப்பது பல சிறிய கார்களுக்கும் பொதுவானது என்பதால், "எல்லாம் உட்காருமுங்க" என்று கடைக்காரர் சொல்வதை அப்படியே நம்பிவிடக் கூடாது. ரிம்மின் நடுத்துளை, அது உட்காரும் ஹப்பின் அளவான 54.1 மி.மீ.க்கு மேல் இருந்தால், இடைவெளியை அடைக்கும் மைய வளையம் வேண்டும். அதைப் போடாமல் ஓட்டிய என் வண்டியில் 80 கி.மீ. வேகத்திலேயே ஸ்டியரிங் நடுங்கியது.

செட்டிபாளையம் கரி பந்தயத்தடத்தில் ஓட்டுபவருக்கு 15 அங்குலம் பொருந்தும். ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வால்பாறை ஏறும் எனக்கோ, பக்கச்சுவர் 13.5 மி.மீ. உயரமான 14 அங்குலமே போதும்.