மிசிசிப்பியில் லிடியா சின்: ‘பேப்பர் சன்’ நாவல்

எஸ்.ஜே. ரோசன் 1994 முதல் எழுதிவரும் லிடியா சின், பில் ஸ்மித் துப்பறியும் வரிசையில் 2019இல் வெளிவந்தது ‘பேப்பர் சன்’. கொலை செய்தது யார் என்ற கேள்வியையும், ஒரு சீனக் குடும்பம் அமெரிக்காவுக்குள் எப்படி நுழைந்தது என்ற கேள்வியையும் பிரித்தெடுக்க முடியாதபடி பின்னியிருப்பதே இந்நாவலின் பெரும் பலம்.

நியூயார்க்கின் சைனாடவுனில் பிறந்து வளர்ந்த லிடியா, தனியார் துப்பறிவாளர். மகளின் தொழிலையும், அவளுடன் பணியாற்றும் வெள்ளையரான பில்லையும் ஏற்க மனமில்லாத தாயார், இம்முறை தாமே அவளை ஒரு வழக்குக்கு அனுப்புகிறார். இதுவரை கேள்விப்பட்டே இராத ஓர் உறவினன், தன் தந்தையான மளிகைக்கடைக்காரரைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டு, மிசிசிப்பி மாநிலத்தின் கிளார்க்ஸ்டேல் நகரில் சிறையில் இருக்கிறான். அவனை மீட்டு வர வேண்டும் என்பது தாயாரின் கட்டளை.

பருத்தி வயல்களுக்கு நடுவே சீனர்களின் மளிகைக்கடைகள் எப்படி வந்தன? இது புனைவுக்காக உருவாக்கிய சூழல் அன்று. உள்நாட்டுப் போருக்குப் பின் அடிமைமுறை ஒழிந்ததும், விடுதலை பெற்ற கறுப்பினத்தவருக்கு மாற்றாகத் தோட்ட முதலாளிகள் சீனத் தொழிலாளர்களை அழைத்து வந்தனர். அவர்களோ விரைவிலேயே வயலை விட்டு விலகி, கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில் சிறு கடைகளைத் தொடங்கினர். வெள்ளையரின் பள்ளியில் சேர்க்க மறுக்கப்பட்ட தன் மகளுக்காக ரோஸ்டேல் ஊரின் மளிகைக்கடைக்காரர் காங் லம் தொடுத்த வழக்கில், அம்மறுப்பு சட்டப்படி செல்லும் என்று 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெள்ளையரும் ஏற்காத, கறுப்பினத்தவரோடும் சேராத அந்த இடைநிலை வாழ்க்கையை அறிந்துகொண்டு படித்தால், இந்நாவலின் பாத்திரங்கள் காக்கும் மௌனங்கள் தெளிவாக விளங்கும்.

1882இல் இயற்றப்பட்ட விலக்குச் சட்டம் சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்கு வருவதைத் தடை செய்தது. ஆனால் அமெரிக்கக் குடிமக்களின் பிள்ளைகளை அதனால் தடுக்க இயலவில்லை. 1906ஆம் ஆண்டின் நிலநடுக்கத்திலும் தீயிலும் சான் பிரான்சிஸ்கோவின் பிறப்புப் பதிவேடுகள் அழிந்துபோகவே, தாம் அங்கேயே பிறந்தவர்கள் என்று பல சீனர்கள் உரிமை கோரினர். அவ்வாறு குடியுரிமை பெற்றவர்களின் மகன்களாகக் காகிதத்தில் மட்டும் பதிவாகி வந்தவர்களே ‘காகித மகன்கள்’. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் குடியேற்ற நிலையம் இருந்த ஏஞ்சல் தீவில் அதிகாரிகள் கேட்கும் நுணுக்கமான கேள்விகளுக்காக, பிறர் வீட்டு விவரங்களையெல்லாம் அவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. பிறகு அந்தப் பெயரையே வாழ்நாள் முழுதும் சுமந்தனர். சின் குடும்பத்தின் உறவினர்கள் மிசிசிப்பியில் டாம் என்ற பெயரோடு வாழ்வதற்கான காரணம் இங்கேதான் இருக்கிறது. விசாரணை எங்கே சென்று முடிகிறது என்பதைச் சொல்வது வாசகருக்குச் செய்யும் அநீதியாகும். குடும்ப மரம் இங்கே தடயமாகவே பயன்படுகிறது என்று மட்டும் சொல்லலாம்.

கதையை லிடியாவே சொல்வது மிகப் பொருத்தமான தேர்வு. கென்டக்கியில் பிறந்த பில்லுக்குத் தெற்கத்தியப் பேச்சும் பழக்கவழக்கமும் ஓரளவு தெரியும். லிடியாவுக்கோ எல்லாமே புதிது. சொந்த நாட்டிலேயே அந்நியராக உணரும் அவளுடைய வியப்பும் சினமும், உறவினர்களிடம் மெல்ல வளரும் பரிவும் போலியின்றி வந்துள்ளன. ஆசிரியர் சீன வம்சாவளியினர் அல்லர். ஆயினும் தாய்க்கும் மகளுக்கும் இடையிலான உரையாடல்களில், அதிலும் தாயார் நேராகச் சொல்லாமல் உணர்த்தும் இடங்களில், அவர் காட்டியிருக்கும் கூர்மை என்னை மிகவும் கவர்ந்தது.

குறைகளும் உண்டு. டாம் குடும்பத்தின் கிளைகள் பல. யார் யாருக்கு என்ன உறவு என்பதைப் பின்தொடரத் தாளும் பேனாவும் தேவைப்படலாம். வரலாறு பெரும்பாலும் நீண்ட உரையாடல்களின் வழியாகவே வருவதால், நடுப்பகுதியில் கதை வேகம் குறைகிறது. காவல்துறை விசாரணையின் படிப்படியான நடைமுறைகளை விரும்பி வருபவர்களுக்கும் இது அவ்வளவாக நிறைவு தராது. லிடியாவிடம் அதிகார முத்திரை ஏதுமில்லை, மனிதர்களைப் பேச வைக்கும் திறமையே அவளுடைய கருவி.

வரிசையின் முந்தைய நூல்களைப் படிக்காதவர்களும் இதிலிருந்தே தயங்காமல் தொடங்கலாம். எனினும், லிடியாவும் பில்லும் ஒருவரையொருவர் எவ்வாறு நம்பத் தொடங்கினர் என்பதை அறிய விரும்புவோர் முதல் நாவலான ‘சைனா டிரேட்’ நூலை முன்னதாகப் படிப்பது நல்லது. தாயார் பில்லையும் உடன் அனுப்பச் சம்மதிப்பதன் முழு எடை அவர்களுக்கே புரியும்.