கொம்பு பிரிந்த செல்வி: தீராத பிழைக்கு எந்த வழி மேல்?

செவ்வாய்ப்பேட்டையில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் சிறிய கடை என்னுடையது. ஆவணி முகூர்த்தத்துக்காக ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்த பெரியவர், புரூஃபை வாங்கி மகள் பெயருக்கு மேல் விரலை வைத்தார். "தம்பி, இந்தக் கொக்கி எதற்கு?"

'திருவளர்செல்வி'யில் செ-வின் கொம்பு, ச-வை விட்டு விலகி அநாதையாக நின்றது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் எண் தரும் பொது முறையான யூனிகோடில் ச முதலிலும் கொம்பு பின்னாலும் பதிவாகும். மென்பொருள்தான் அவற்றை இடம் மாற்றிச் சேர்த்துக் காட்ட வேண்டும். நான் பயன்படுத்துவது கட்டற்ற மென்பொருள், அதாவது அதன் மூலநிரலை யாரும் பார்த்துத் திருத்தலாம். அது இடத்தை மாற்றிவிடுகிறது. ஆனால் தலைப்பைச் சற்று அகலப்படுத்த எழுத்து இடைவெளியைக் கூட்டினால், கொம்பையும் ச-வையும் தனித்தனி எழுத்தாக எண்ணி நடுவிலும் இடைவெளி போட்டுவிடுகிறது. இந்தப் பிழையை அதை எழுதுபவர்களிடம் யாரோ புகாராகப் பதிவு செய்து பல வருடங்கள் ஆகின்றன.

முதல் வழி, காத்திருப்பது. செலவு இல்லை என்பார்கள். ஃபயர்பாக்ஸ் உலாவியில், சுட்டியை வைத்தால் தோன்றும் சிறு விளக்கம் தொடர்பாக 2002இல் பதிவான ஒரு பிழை 2023இல் தீர்ந்தது. புகார் பதிவான வருடம் பிறந்த பையனுக்குச் சட்டப்படி கல்யாண வயதே வந்துவிட்டது. லினக்ஸ் கணினிகளின் திரைச்சூழலான க்னோமில், கோப்புத் தேர்வுப் பெட்டியில் படங்களைச் சிறு உருவமாகக் காட்டுங்கள் என்று 2004இல் கேட்டது 2022இல் கிடைத்தது. தாமதத்தைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், தீராமலே மூடுவதுதான் எரிச்சல். ஃபெடோரா என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு பதிப்பின் ஆயுள் ஏறக்குறைய 13 மாதம். அது முடிந்ததும் அந்தப் பதிப்பின் மேல் திறந்திருக்கும் பிழைகள் தானாக மூடப்படும். பிழை அப்படியே இருக்கும், நம் புகாருக்குத்தான் கருமாதி.

ஆனால் கத்துவதும் வழியில்லை. எக்ஸ்இசட் என்ற சுருக்க நிரலைக் கிட்டத்தட்டத் தனி ஆளாகப் பார்த்துவந்தவரை, 2022இல் 'ஏன் இவ்வளவு தாமதம், வேறு ஆளைச் சேருங்கள்' என்று சிலர் நெருக்கினார்கள். சேர்ந்த ஆள், பிறர் கணினிக்குள் திருட்டுத்தனமாக நுழையப் பின்வாசல் வைத்தார். 2024 மார்ச்சில், உள்நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாகிறதே என்று ஒரு பொறியாளர் குடைந்ததில் அகப்பட்டது. நெருக்கிய குரல்களே போலி என்ற சந்தேகம் பலமாக இருக்கிறது.

இரண்டாவது, காசு கொடுத்துப் போவது. சந்தாவில் கிடைக்கும் இன்றைய வடிவமைப்பு மென்பொருள்கள் தமிழை நன்றாகவே கோக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் ஆடி மாதம் கடையில் ஈ ஓட்டினாலும் சந்தா ஓடும். விலைக்கு வாங்கியது நிலைக்கும் என்பதும் இல்லை: பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரின் கடைசிப் பெரிய பதிப்பான 7, 2001இல் வந்தது, யூனிகோடைப் பார்க்காமலே நின்றுபோனது. பழைய எழுத்துருக்களோடு அதையே கட்டிக்கொண்டு மாரடிக்கும் டிடிபி கடைகள் இன்னும் உண்டு. அதில் உள்ள பிழையைத் திருத்த இனி யாராலும் முடியாது, மூலநிரல் பூட்டிக் கிடக்கிறது. 'இலவசம்தானே, ஏன் புலம்புகிறாய்' என்று கேட்பவர்களுக்கும் ஒன்று: 'உத்தரவாதம் இல்லை' என்ற வாசகம் கட்டற்ற உரிமத்தில் மட்டும் இல்லை. விலைக்கு வாங்கியதன் ஒப்பந்தத்தையும் கடைசி வரை படித்துப் பாருங்கள்.

மூன்றாவது, வேறொரு இலவச மென்பொருள். படம் வரையும் மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் தமிழ் எழுத்துகள் ஒழுங்காகச் சேரும். ஆனால் பல பக்கங்கள் 2022இல் வந்த 1.2 பதிப்பில்தான் கிடைத்தன. நிறமோ திரைக்கானது, ஆஃப்செட் பிளேட்டுக்கு வேண்டிய நான்கு மை நிறங்களுக்கு வேறு வழியாகச் சுற்ற வேண்டும். பக்க வடிவமைப்புக்கான ஸ்கிரைபஸில் அந்த நிறங்கள் ஆரம்பத்திலிருந்தே பலம். தமிழ்தான் நீண்ட காலம் சேரவில்லை. சோதனைப் பதிப்புகளான 1.5 வரிசையில் அது சரியானதற்குக் காரணம் ஓமானைச் சேர்ந்த ஒரு குழு: அரபி எழுத்துக்காக அவர்கள் செய்த வேலையில் நம் எழுத்தும் கரையேறியது. எல்லோருக்குமான நிலைப் பதிப்பாக, 1.6ஆக, அது வந்தது 2024 ஜனவரியில். நாம் கேட்டுக்கொண்டிருந்தோம், அவர்கள் எழுதினார்கள். எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

அந்த உறுத்தலில்தான் நான்காவது வழிக்குப் போனேன். கணினி படிக்கும் அண்ணன் மகளிடம் பழைய புகாரைக் காட்டினேன். "சித்தப்பா, எந்த எழுத்துரு, எந்தப் பதிப்பு, எதுவுமே இதில் இல்லையே. இதை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்?" என்றாள். 'செ' என்ற ஒரே எழுத்தும் இடைவெளியும் மட்டும் உள்ள கோப்பு ஒன்றை உருவாக்கினாள். மூலநிரலைத் தொகுத்து ஓடவைக்க இரண்டு நாள். தவறு இருந்த இடத்தைப் பிடிக்க அரை நாள். என் கணக்கில் நான்கில் இதுதான் மேல், வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால். இல்லாதவர்கள் அந்த ஓரெழுத்துக் கோப்பையாவது புகாரோடு சேர்க்கலாம்.

பெரியவரின் பத்திரிகைக்கு அதெல்லாம் உதவவில்லை. தலைப்பை வேறு மென்பொருளில் அடித்து, படமாக மாற்றி ஒட்டி, ஆயிரம் பிரதி ஓட்டிக் கொடுத்தேன்.

திருத்தத்தை அனுப்பிய மூன்றாம் வாரம் பதில் வந்தது: மலையாளத்திலும் இப்படி முன்னால் வரும் குறி உண்டே, அதற்கும் ஒரு சோதனை சேருங்கள் என்று. சேர்த்து அனுப்பியிருக்கிறாள். இன்னும் வரிசையில்தான் இருக்கிறது.