பேட்டன்ட் வாங்கித் தருகிறேன் என்று வருபவரிடம் கலவையைக் கொடுக்கும் முன்

ஓசூர், கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் பட்டறையோ சிறு தொழிலோ நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். "உங்க கண்டுபிடிப்புக்கு பேட்டன்ட் வாங்கித் தர்றேன், நூத்துக்கு நூறு கியாரண்டி" என்று ஒருவர் லேப்டாப்போடு வந்தால், முன்பணம் கொடுக்கும் முன் கொஞ்சம் பொறுங்கள். என் அண்ணன் வருடக்கணக்கில் உழைத்து உருவாக்கிய ஒரு ஸ்டீல் கலவை இன்று யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற நிலையில் கிடக்கிறது. பேட்டன்டும் இல்லை, ரகசியமும் போய்விட்டது. பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இதைத்தான் தாங்க முடியவில்லை. அந்த ஆளின் பெயரையும் அவர் நடத்தும் அலுவலகத்தின் பெயரையும் இங்கே போடவில்லை. நடந்த விதத்தை மட்டும் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கலவை என்ன என்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் கல் குவாரியும் ஜல்லி கிரஷரும் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். கிரஷரில் கல்லைக் கடிக்கும் ஜா பிளேட் மாங்கனீஸ் ஸ்டீலில் வார்த்தது. 1882இல் ராபர்ட் ஹாட்ஃபீல்ட் கண்டுபிடித்த அதே ரகம்தான், மாங்கனீஸ் 11 முதல் 14 சதவீதம் வரை இருக்கும். அடி வாங்க வாங்க மேல்பரப்பு இறுகும், உள்ளே உடையாமல் தாங்கும். ஆனால் சூடு அதற்கு ஆகாது. தேய்ந்த பிளேட்டை நிரப்ப வெல்டு வைக்கும்போது பக்கத்து இடம் 260 டிகிரியைத் தாண்டி அப்படியே நின்றால், உள்ளே கார்பைடு (கார்பன் சேர்ந்த கடினத் துகள்) பிரிந்து பிளேட் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். அதனால் ஒரு பாஸ் (ஒரு வரிசை வெல்டு) வைத்து, ஆறவிட்டு, கை வைத்துப் பார்த்து, அப்புறம்தான் அடுத்த பாஸ். குரோமியம் கார்பைடு ராடை (வெல்டு வைக்கும் கம்பியை) நேராக மேலே வைத்தால் தேய்மானத்துக்கு நன்றாக நிற்கும், ஆனால் அடி பலமாக விழும் இடத்தில் பாளம் பாளமாகப் பெயர்ந்து வரும். ஆகவே நடுவில் ஸ்டெயின்லெஸ் ராடில் ஒரு இணைப்புப் படலம் போட்டு, அதற்கு மேல் கடினமான ராடு வைப்பது வழக்கம். இரண்டு ராடு, இரண்டு வேலை, இரண்டு செலவு.

அண்ணன் இந்த இரண்டையும் ஒரே ராடில் முடிக்கப் பார்த்தார். சாதாரண மைல்டு ஸ்டீல் கோர் கம்பி மேல் பூசும் ஃப்ளக்ஸில் ஃபெர்ரோ மாங்கனீஸ், ஃபெர்ரோ குரோம், கொஞ்சம் ஃபெர்ரோ நியோபியம் பொடி. அதைப் பொட்டாசியம் சிலிகேட்டில் பிசைந்து பூசி, நிழலில் உலர்த்தி, ஓவனில் சுட்டு எடுப்பார். பழைய ஜா பிளேட் துண்டில் வைத்துப் பார்ப்பார். பூச்சு உதிரும், ஸ்லாக் (மேலே படியும் கசடு) விடாது, சில சமயம் ஆறும்போதே மேலே விரிசல் ஓடும். ஒவ்வொரு கலவைக்கும் எடை, கடினத்தன்மை, கிரஷரில் மாட்டும் முன் எடை, கழற்றிய பின் எடை எல்லாம் ஒரு லாங் சைஸ் நோட்டில் எழுதி வைப்பார். அந்த நோட்டு பற்றிப் பின்னால் சொல்கிறேன். கடைசியில் ஒரு கலவை பிடிபட்டது. தெரிந்த கிரஷர்காரர்களே வந்து "அந்த ராடுல போட்டுக் குடு" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் கன்சல்டன்ட் வந்தார். நல்ல பேச்சு, நல்ல சட்டை. அண்ணனை "சார்" என்று கூப்பிட்ட முதல் ஆள் அவராகத்தான் இருப்பார். மொத்தம் 85,000 ரூபாய், அதில் 40,000 அரசுக் கட்டணம் என்றார். பேட்டன்ட் வந்ததும் அரசு மானியத்தில் முழுப் பணமும் திரும்பி வரும் என்றும் சொன்னார். கலவையின் சதவீதத்தைக் கேட்டு எழுதிக்கொண்டார். அண்ணன் பெயரில் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் ஒன்று எடுத்தார். அந்த டோக்கன், பதிவு செய்த மின்னஞ்சல், போன் நம்பர் எல்லாமே அவரிடம். எங்களிடம் இருந்தது விண்ணப்ப எண் இருந்த ஒரு ரசீதின் போட்டோ மட்டும்.

உண்மையான கட்டணத்தைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். தனிநபரோ சிறு நிறுவனமோ இணையத்தில் தாக்கல் செய்தால் விண்ணப்பத்துக்கு 1,600 ரூபாய். பரிசோதனை கேட்கும் படிவம் 18க்கு 4,000. சீக்கிரம் பிரசுரிக்கச் சொல்லும் படிவம் 9க்கு 2,500. விண்ணப்பம் 30 பக்கத்தைத் தாண்டினாலோ உரிமைக் கோரிக்கை (எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் வரி) 10ஐத் தாண்டினாலோ கூடுதலாக வரும். எங்கள் விண்ணப்பம் அவ்வளவு நீளம் இல்லை. மூன்றையும் கூட்டினால் 8,100. மீதி எங்கே போனது என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. மானியம் என்பது பேட்டன்ட் வழங்கப்பட்ட பிறகு செலவை ஒரு வரம்புக்குள் திருப்பித் தரும் திட்டம். விண்ணப்பித்தவர்களுக்கெல்லாம் கிடைப்பதில்லை.

இனி சொல்வதை நிதானமாகப் படியுங்கள், ஏமாற்றின் மையம் இதில்தான் இருக்கிறது.

பேட்டன்ட் விண்ணப்பம் சாதாரணமாக 18 மாதம் ரகசியமாக இருக்கும். அதன் பிறகுதான் பிரசுரமாகும். அந்த 18 மாதம் முடிய மூன்று மாதம் இருக்கும்போதே நீங்கள் திரும்பப் பெற்றுக்கொண்டால் கலவை வெளியே வராது, திருத்தி மறுபடி தாக்கல் செய்யலாம். படிவம் 9 போட்டால் அந்தப் பாதுகாப்புக் காலம் போய்விடும், ஒரு மாத வாக்கிலேயே வெளியாகிவிடும். அவர் எங்களைக் கேட்காமலே படிவம் 9 போட்டார். காரணம் இப்போதுதான் புரிகிறது. பேட்டன்ட் அலுவலகம் வெள்ளிக்கிழமைதோறும் வெளியிடும் இதழில் அண்ணனின் விண்ணப்பம் வந்ததும், அந்தப் பக்கத்தை மட்டும் கலரில் எடுத்து, லேமினேட் செய்து, ஒரு பெட்டி மைசூர்பாகோடு கொண்டு வந்தார். "பேட்டன்ட் பப்ளிஷ் ஆயிடுச்சு சார், வாழ்த்துகள்." மீதிப் பணத்தையும் அன்றே வாங்கிக்கொண்டு போனார். அண்ணி அந்தத் தாளை சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

பிரசுரம் என்றால் உங்கள் கலவையை உலகத்துக்குச் சொல்லியாகிவிட்டது என்றுதான் பொருள். உரிமை கிடைத்தது என்று பொருளே இல்லை. அதற்குப் பிறகுதான் பரிசோதனை அதிகாரி விண்ணப்பத்தையே கையில் எடுப்பார். ராடு பாக்கெட்டில் "பேட்டன்ட் பெற்றது" என்று அச்சடிக்கச் சொல்லியும் அவர் வற்புறுத்தினார். அச்சடிக்கும் இடத்தில் வேலை தள்ளிப்போனதால் தப்பித்தோம். வழங்கப்படாத பேட்டன்டை இருப்பதாகப் போட்டு விற்றால் பேட்டன்ட் சட்டம் 120ஆவது பிரிவின்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் வரலாம். அவர் எதுவும் கட்டமாட்டார், பாக்கெட்டில் பெயர் உள்ளவர்தான் கட்ட வேண்டும்.

அப்புறம் போன் அடித்தால் ஒரே பதில்: "சென்னை ஆபீஸ்ல பெண்டிங் சார்." பிறகு போனும் எடுக்கவில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் சொந்தக்காரப் பையன் ஒருவன் ஒரு நாள் வந்தபோது ரசீதைப் பார்த்துவிட்டு, அவன் போனிலேயே பேட்டன்ட் அலுவலக இணையதளத்தில் எண்ணைத் தட்டினான். முதல் பரிசோதனை அறிக்கை எப்போதோ அனுப்பப்பட்டிருந்தது. பதில் சொல்ல ஆறு மாதம் கெடு. கெடு முடியும் முன் கேட்டிருந்தால் மூன்று மாதம் நீட்டிப்பும் உண்டு. யாரும் பதில் சொல்லவில்லை, நீட்டிப்பும் கேட்கவில்லை. கடைசி வரியில் 21(1) பிரிவின்படி கைவிடப்பட்டதாகக் கருதப்படுகிறது என்று இருந்தது. அறிக்கை போனது கன்சல்டன்டின் மின்னஞ்சலுக்கு.

அந்த அறிக்கையை உட்கார்ந்து முழுக்கப் படித்தோம். அதிகாரி ஒன்றும் அநியாயமாக எழுதவில்லை என்பதையும் நான் சொல்லியே ஆக வேண்டும். மாங்கனீஸும் குரோமியமும் கலந்த ஆஸ்டெனிடிக் வெல்டு உலோகங்கள் ஏற்கனவே உண்டு என்று இரண்டு பழைய ஆவணங்களைக் காட்டியிருந்தார். நமது விண்ணப்பத்தில் உரிமைக் கோரிக்கை எப்படி எழுதப்பட்டிருந்தது தெரியுமா? "தேய்ந்த உலோகப் பரப்புகளைப் பழுது பார்ப்பதற்கான, அதிகத் தேய்மானத் தடுப்பு கொண்ட ஸ்டீல் கலவை." அவ்வளவுதான். சதவீதங்கள் எல்லாம் விளக்கப் பகுதியில் கிடக்கின்றன, கோரிக்கையில் ஒன்றும் இல்லை. விளைவை மட்டும் சொல்லிவிட்டு, அந்த விளைவைத் தருவது எது என்று சொல்லாமல் விட்டால் யார் ஒப்புக்கொள்வார்கள்? சரி, எழுதத் தெரியாதவர் எழுதினார் என்று வைத்துக்கொண்டாலும், ரகசியத்தை வெளியே கொட்டவும் உரிமையைக் கேட்காமல் விடவும் அவரால் ஒரே காகிதத்தில் முடிந்திருக்கிறது.

கலவைக்கு எப்படிக் கேட்க வேண்டும் என்பதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. நீர்மின் நிலைய டர்பைன்களில் நீர்க்குமிழிகள் வெடித்துக் குழி விழுந்த இடங்களை வெல்டு வைத்து நிரப்ப, கனடாவின் ஹைட்ரோ க்யூபெக் நிறுவனம் கோபால்ட் சேர்த்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஒன்றை உருவாக்கி 1986இல் அமெரிக்கப் பேட்டன்ட் வாங்கியது. எந்தத் தனிமம் எத்தனையிலிருந்து எத்தனை சதவீதம் என்று கோரிக்கையிலேயே இருக்கிறது. பழுது பார்க்கும் ஸ்டீல் என்பதால் பேட்டன்ட் கிடைக்காது என்று யாரும் சொல்லவில்லை.

அறிக்கையின் இன்னொரு ஆட்சேபணைதான் எங்களை உலுக்கியது. தெரிந்த பொருள்களைச் சும்மா கலந்து அவற்றின் குணங்களைக் கூட்டிக் காட்டினால் அது கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது பேட்டன்ட் சட்டத்தின் 3(e) பிரிவு. இந்தச் சதவீதத்தில் கலக்கும்போது மட்டும் எதிர்பாராத பலன் கிடைக்கிறது என்பதற்கு ஒப்பீட்டுச் சோதனை விவரம் எங்கே என்று அதிகாரி கேட்டிருந்தார். அண்ணன் எதுவும் பேசாமல் எழுந்து போய் அந்த லாங் சைஸ் நோட்டை எடுத்து வந்து மேஜையில் வைத்தார். நியோபியம் இல்லாமல் ஒரு வரிசை, கொஞ்சமாகப் போட்டு ஒரு வரிசை, அதிகமாகப் போட்டு ஒரு வரிசை. கடினத்தன்மை, எடை இழப்பு, பெயர்ந்ததா இல்லையா. எண்ணெய்க் கறையோடு, கார்பன் தூளோடு, அதிகாரி கேட்டது மொத்தமும் அந்தப் பக்கங்களில் இருந்தது. ரப்பர் சக்கரத்தில் மணல் விட்டுத் தேய்க்கும் ஜி65 சோதனையை ஒரு ஆய்வகத்தில் செய்து இதோடு சேர்த்திருந்தால் பதிலுக்கு நல்ல பலம் இருந்திருக்கும். கன்சல்டன்ட் ஒருநாள்கூட "சோதனை செஞ்சீங்களா?" என்று கேட்டதில்லை.

இப்போது என்ன செய்யலாம் என்று விசாரித்தோம். அதே கலவையைப் புதிதாக விண்ணப்பிக்க முடியாது, எங்கள் பழைய பிரசுரமே எங்களுக்கு எதிராக நிற்கும். இப்படிக் கைவிடப்பட்ட விண்ணப்பத்துக்கு அலுவலகத்தில் மேல்முறையீடு கிடையாது. உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம். விண்ணப்பதாரர் அக்கறையாக இருந்தும் ஏஜென்ட்டின் அலட்சியத்தால் கெடு போனது என்று காட்டினால் பரிசீலிக்கலாம் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2022இல் சொல்லியிருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்திலும் அறிவுசார் சொத்துக்கென்று தனிப் பிரிவு வந்துவிட்டது. நாங்கள் அனுப்பிய குறுஞ்செய்திகள், அழைப்புப் பதிவுகள், பணம் அனுப்பிய விவரம் எல்லாவற்றையும் தொகுத்து வழக்கறிஞரிடம் கொடுத்திருக்கிறோம்.

நம்மூரில் வேறு யாராவது இப்படிப் பணம் கட்டியிருந்தால் இன்றைக்கே செய்ய வேண்டியது இது. ரசீதில் உள்ள விண்ணப்ப எண்ணைப் பாருங்கள், 12 இலக்கம் இருக்கும். முதல் நான்கு வருடம், ஐந்தாவது இலக்கம் 4 என்றால் சென்னை அலுவலகம். அந்த எண்ணை அலுவலகத்தின் இணையதளத்தில் விண்ணப்ப நிலை பகுதியில் போட்டால் காசில்லாமல் எல்லாம் தெரியும், கடவுச்சொல் தேவையில்லை. பரிசோதனைக்கான படிவம் 18 போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 2024 மார்ச் விதித் திருத்தத்துக்குப் பின் தாக்கல் செய்தவர்களுக்கு முதன்முதலில் தாக்கல் செய்த தேதியிலிருந்து 31 மாதம்தான், அதற்குள் போடாவிட்டால் விண்ணப்பம் தானாகவே திரும்பப் பெற்றதாகிவிடும். தொடர்பு மின்னஞ்சல் யாருடையது என்று பாருங்கள். உங்களுடையது இல்லையென்றால் உடனே மாற்றக் கேளுங்கள். கண்டுபிடித்தவர், விண்ணப்பதாரர் என்ற இரண்டு இடத்திலும் வேறு பெயர் நுழைந்திருக்கிறதா என்பதையும் விட்டுவிடாதீர்கள். டிஜிட்டல் டோக்கன் உங்கள் பெயரில் இருந்தால் அது உங்கள் பீரோவில் இருக்க வேண்டும்.

இனிமேல்தான் விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்றால், வந்தவர் பதிவு பெற்ற பேட்டன்ட் ஏஜென்ட்டா என்று அதே இணையதளத்தில் உள்ள பட்டியலில் பெயரைத் தேடுங்கள். முறையாகப் பதிவு பெற்றவர்கள் மட்டும்தான் அதில் இருப்பார்கள். கியாரண்டி என்ற வார்த்தை வாயில் வந்தாலே அனுப்பிவிடுங்கள், பரிசோதனை முடியும் முன் அந்த உறுதியை யாராலும் கொடுக்க முடியாது. ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிய பிறகு சதவீதத்தைச் சொல்லுங்கள். படிவம் 9 வேண்டாம் என்று எழுத்தில் கொடுங்கள். உங்கள் சோதனை நோட்டை முதல் நாளே அவர் முன் வையுங்கள். அதைப் புரட்டிப் பார்க்காமல் கட்டணம் பேச ஆரம்பிக்கிறவரிடம் உங்கள் கலவையைக் கொடுக்காதீர்கள்.