சமையல் எண்ணெய்ப் பதுக்கல்: இருப்பு வரம்பா, இறக்குமதி வரிக் குறைப்பா?

2022இல் உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெய் வரத்து குறைந்து, இந்தோனேசியாவும் ஏப்ரல் இறுதியில் பாமாயில் ஏற்றுமதிக்குத் தடை விதித்தபோது, தன் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கும் மேல் இறக்குமதியை நம்பியிருக்கும் இந்தியா இவ்விரு வழிகளையும் ஒருசேரக் கையாண்டது.

அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின்கீழ் வந்த இருப்பு வரம்பு, சில்லறை வணிகருக்கு 30 குவிண்டால், மொத்த வணிகருக்கு 500 குவிண்டால் என உச்ச அளவு வகுத்தது. 30 குவிண்டால் என்பது 15 கிலோ டின்கள் 200. கிடங்கில் அடுக்கியிருப்பதை அதிகாரி ஒருவர் நின்றே எண்ணிவிடலாம். ஆனால் சரக்கைப் பல பெயர்களில் பிரித்து வைப்பவர் அந்த எண்ணிக்கையில் சிக்குவதில்லை. தீபாவளி விற்பனைக்காக முன்கூட்டியே வாங்கிவைக்கும் நேர்மையான வணிகர்தான் (இவரே பெரும்பான்மை) தயங்கி நிற்பார்.

வரிக் குறைப்போ பதுக்குபவரின் கணக்கையே குலைக்கிறது. ஆண்டுக்கு 20 லட்சம் டன் கச்சா சோயா எண்ணெயும் அதே அளவு கச்சா சூரியகாந்தி எண்ணெயும் வரியின்றி வரலாம் என்று அந்த மே மாதம் அரசு அறிவித்தது. மலிவான சரக்கு துறைமுகத்தில் இறங்கப்போகிறது என்று தெரிந்தபின் பூட்டி வைப்பவருக்கே நட்டம். உலகச் சந்தையே கொதிக்கும்போது இதன் பலன் சுருங்கும் என்பதும், நீடித்தால் உள்நாட்டு எண்ணெய்வித்து விவசாயியின் விலை அடிபடும் என்பதும் உண்மையே.

ஆயினும் வரியைக் குறைப்பதே முதல் நடவடிக்கையாக இருக்க வேண்டும். இருப்பு வரம்பு சில வாரங்களுக்கு மேல் நீடிக்கக் கூடாது. மொத்த வணிகர்களுக்கு அது நீக்கப்பட்டதோ 2022 நவம்பரில்தான்.