ஒரு கிலோ வேம் பொடி: கன்றுக்கு வாங்கலாம், கீரைக்கு வேண்டாம்

போன ஜூனில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் உரக்கடையில் ஒரு கிலோ வேம் (VAM) பொடி வாங்கினேன். வேப்பம் பொடி இல்லை, செடியின் வேரோடு கூட்டு வைத்து மண்ணிலிருந்து சத்தைக் கொண்டுவரும் பூசண உரம். 110 ரூபாய். கம்பெனிப் பெயர் வேண்டாம். பாதிக் குறை கம்பெனி மேல், மீதி என் மேல்.

வீட்டுக்கு வந்து பையைப் பிரித்ததும் மாமியார் எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா இது?”

“வேருக்குப் போடுற பூஞ்சணம், அத்தை.”

“காசு குடுத்துப் பூஞ்சணமா? ஊறுகா ஜாடியில அது வந்துடக் கூடாதுன்னு நான் வெயில்ல காய வெச்சிக் காய வெச்சித் தொடைக்கிறேன், நீ கடையில போயி வாங்கியாறியா!”

அவர் கேட்டதில் தப்பில்லை. எனக்கும் அந்தப் பொடியைப் பார்த்து முதலில் ஏமாந்துவிட்டோமோ என்றுதான் தோன்றியது. மினுமினுக்கும் தவிட்டு நிறத் துணுக்குகள், நடுவில் காய்ந்த வேர்த்துண்டுகள். கலப்படம் என்றே நினைத்தேன். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. இந்த வேர்ப்பூசணம் உயிருள்ள வேர் இல்லாமல் பிழைக்காது. மற்ற நுண்ணுயிர் உரங்கள் போலக் குடுவையில் கஞ்சி ஊற்றி வளர்க்க முடியாது. அதனால் தொட்டியில் வெர்மிகுலைட் என்னும் லேசான கனிமத் துணுக்கைக் கொட்டி, மக்காச்சோளம் விதைத்து, அதன் வேருக்குள் பூசணத்தை ஏற விட்டு, பிறகு வேரை நறுக்கி அந்த வெர்மிகுலைட்டோடு கலந்து பையில் அடைக்கிறார்கள். நான் குப்பை என்று நினைத்த வேர்த்துண்டில்தான் சரக்கே இருக்கிறது.

மொட்டை மாடியில் மிளகாய், கத்திரி, முள்ளங்கி, முளைக்கீரை நான்குக்கும் போட்டேன். எல்லாவற்றிலும் பாதித் தொட்டிக்குப் பொடி, பாதிக்கு இல்லை. மிளகாயில் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. ஆடிக் காற்றில் ஒருநாள் தண்ணீர் விட மறந்தால் பொடி போடாத செடிகள் மத்தியானமே தலையைத் தொங்கவிட்டன, போட்டவை சாயங்காலம் வரை தாங்கின. கத்திரியில் சுமார்தான். முள்ளங்கியிலும் கீரையிலும் ஒன்றுமே இல்லை. இரண்டு தடவை விதைத்துப் பார்த்தேன், அப்போதும் இல்லை.

கடைக்குப் போய்ச் சண்டை போடத் தயாராகத்தான் இருந்தேன். போகுமுன் கொஞ்சம் படித்துப் பார்த்தது நல்லதாகப் போயிற்று. நிலத்துச் செடிகளில் மிகப் பெரும்பாலானவை இந்தப் பூசணத்தோடு கூட்டு வைத்திருக்கின்றன. இந்தக் கூட்டுக்கு 40 கோடி ஆண்டு வயது என்று கல்லில் பதிந்த செடிகளே சாட்சி சொல்கின்றன. ஆனால் கடுகுக் குடும்பமும் முளைக்கீரைக் குடும்பமும் பொதுவாக இந்தக் கூட்டில் சேருவதில்லை. முள்ளங்கி, முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முளைக்கீரை எல்லாம் தனிக்குடித்தனம். நான் வாங்கிய பையின் அட்டையில் ‘எல்லாப் பயிர்களுக்கும் ஏற்றது’ என்று எழுதி, பக்கத்தில் பெரிதாக ஒரு முட்டைக்கோஸ் படமும் போட்டிருக்கிறார்கள்! இதற்கே ஒரு மதிப்பெண் குறைக்கிறேன்.

இரண்டாவது குறை, தயாரித்த தேதியைப் பையின் மடிப்புக்குள் அச்சடித்திருந்தார்கள். உயிருள்ள பொருளுக்கு அதுதானே முக்கியம்? மூன்றாவது குறை என்னுடையது. ஒரு கத்திரித் தொட்டியில் பொடி போட்ட கையோடு மணிச்சத்து (பாஸ்பரஸ்) உரமான டி.ஏ.பி.யும் போட்டுவிட்டேன். பூசணத்தின் முக்கிய வேலையே செடிக்கு மணிச்சத்தைக் கொண்டுவருவதுதான். மண்ணில் மணிச்சத்து தாராளமாகக் கிடைத்தால் செடி பூசணத்தை வேருக்குள் அவ்வளவாக விடாது. பூசணம் சும்மா வேலை செய்வதில்லை, சம்பளம் கேட்கும். செடி தயாரிக்கும் சர்க்கரையில் ஐந்தில் ஒரு பங்கு வரைகூடப் போய்விடும். கையில் காசு இருப்பவர் எதற்குக் கடன் வாங்குவார்?

இனி நல்லதைச் சொல்கிறேன். எங்கள் புகுந்த வீட்டு நிலம் பண்ருட்டிப் பக்கம், முந்திரியும் பலாவும். அந்தச் செம்மண்ணில் மணிச்சத்து இல்லாமலில்லை, இரும்பும் அலுமினியமும் அதைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கின்றன. வேர் தன்னைச் சுற்றி எட்டியதை உறிஞ்சிவிட்டு நின்றுவிடும். பூசண இழை தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு தடிமன்தான், வேர் நுழைய முடியாத இடுக்கிலெல்லாம் நுழைந்து மணிச்சத்தைக் கொண்டுவரும். இங்கேதான் இந்தப் பொடிக்கு வேலை.

பலாக்கொட்டையைப் பதினெட்டு பையில் ஊன்றினேன். வீட்டுக் கட்டுமானத்துக்கு அடித்த லோடு செம்மண், ஆழத்தில் தோண்டியது, அதில் இந்தப் பூசணம் அவ்வளவாக இருக்காது. ஆறு பைக்கு வெறும் மண். ஆறுக்கு விதைக்கு அடியில் ஒரு கைப்பிடி வேம். (மேலே தூவினால் வீண், வேர் இறங்கும் வழியில் இருக்க வேண்டும்.) மீதி ஆறு எங்கள் சின்ன மாமனாருடையது. அவர் என் பையைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. பழைய முந்திரி மரத்தடியில் சருகை விலக்கி, பொடிவேரோடு ஒரு கூடை மண் அள்ளிக்கொண்டு வந்து கலந்தார்.

தீபாவளி லீவில் அளந்தேன். வெறும் மண்ணில் வந்தவை ஒன்றேகால் அடிதான். வேம் போட்டவை ஒன்றே முக்கால். மாமாவின் கன்றுகளும் ஒன்றே முக்கால்தான், அதில் ஒன்று கூடவே இருந்தது.

“நாங்க எப்பவும் இப்படித்தாம்மா போடுறது. பேருதான் தெரியாது” என்றார்.

வேலியோரத்தில் ஒரு பலாக்கட்டை கிடக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் விழுந்த மரம். அறுத்து விற்றது போக மிச்சத்தை மாமா எடுக்க விடவில்லை. வைரம் பாய்ந்த நடுப்பகுதி இன்னும் கல்லாக இருக்கிறது, சுற்றியிருந்த வெள்ளைக்கட்டை முழுக்கப் போய்விட்டது. மழைக்காலத்தில் தட்டுத் தட்டாகக் கட்டைக்காளான் ஒட்டியிருக்கும். இது வேருக்குள் இருக்கும் வேமின் உறவுகூட இல்லை, வேறு சாதி. மரத்தை மரமாக நிறுத்தும் லிக்னினை உடைத்துத் தின்பது இதன் வேலை. தின்ற இடம் வெளுத்து, நார் நாராகப் பிரியும். அடியில் மண் கறுத்துப் புட்டு மாதிரி உதிர்கிறது. அப்பால் ஒரு கரையான் புற்று. முதல் மழைக்கு அதில் புற்றுக்காளான் வரும். அந்தக் கரையான்கள் தின்ற சருகை அடுக்கி, அதன் மேல் தாங்களே பயிர் வைக்கும் பூசணம் அது. நம் ஊரில் பழைய விவசாயி கரையான்தான்.

பூசணத்துக்குக் கிடைக்காத மரம் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டுமானால் புதுச்சேரிக்குப் பக்கத்தில் திருவக்கரைக்குப் போங்கள். என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப் போயிருக்கிறேன். சுமார் இரண்டு கோடி ஆண்டுக்கு முந்திய மரங்கள், மக்குவதற்குள் மணலில் புதைந்து கல்லாகிவிட்டன. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும் காற்றுப் புகாத சேற்றில் முழுசாக மக்க முடியாமல் கிடந்த மரம்தான்.

சரி, பொடி வாங்கலாமா? லோடு மண், மாடித் தொட்டி, புது நாற்றங்கால் என்றால் தாராளமாக வாங்கலாம். ஐந்துக்கு மூன்றரை. நாற்பது வருடத் தோப்பு வைத்திருப்பவர்கள் காசைக் கரியாக்க வேண்டாம், மரத்தடி மண் போதும். நோய் தட்டாத மரமாகப் பார்த்து அள்ளுங்கள், வேரழுகலும் அதே மண்ணில்தான் வரும்.

போன வாரம் கடைக்குப் போனேன். பைகளை இன்னும் வாசல் வெயிலில், பூசணக்கொல்லி மருந்துக்குப் பக்கத்திலேயே அடுக்கியிருந்தார்கள். நிழலில் வையுங்கள் என்றேன். “பூஞ்சணத்துக்குக்கூட நெழலா டீச்சர்?” என்று சிரித்துவிட்டு, பையனைக் கூப்பிட்டு உள்ளே எடுத்து வைக்கச் சொன்னார்.